மீன்களின் எல்லைப் பூசல்

நிலத்தில் வாழ்வோர்க்கு வரப்பு உண்டு, வேலி உண்டு, எல்லைக்கல் உண்டு. நீரில் வாழும் மீனுக்கு எல்லை ஏது என்று வினவுவோர் உளர். நீர் ஓரிடத்தில் நில்லாதது. அதனைக் கோடு கிழித்துப் பிரித்தல் இயலாது. ஆதலின் மீன்கள் யாவும் எல்லாவிடத்தையும் தம்மிடமாகக் கொண்டு திரிவன என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. மீன் இனங்களுள் சில, தாம் வாழும் இடத்தை அங்குலக் கணக்கில் அறிந்து, பிறர் அதனுள் புகாவண்ணம் இரவும் பகலும் காத்து நிற்பன. அவற்றுள் தலையாயவை சிக்லிடு என்னும் குடும்பத்து மீன்கள்.

சிக்லிடு என்னும் பெயர் நமக்குப் புதிது, மீன் புதிதன்று. தென்காசிப் பக்கத்துக் குளங்களிற் பிடித்துக் கூடையில் வைத்து விற்கப்படும் ஜிலேபிக் கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மலைக்கு அப்பால் மலையாளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும், பொன்னிற உடலில் கரும்புள்ளி விளங்கும் பள்ளத்தியும் இதன் சுற்றத்தவை. உலகில் இதுவரை அறிஞர் பெயரிட்டு விளக்கிய சிக்லிடுகள் 1,700-க்கு மேற்பட்டவை. ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஏரிகளிலும், நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள ஆறுகளிலும் இவை பல்கி வாழ்கின்றன. இந்திய மண்ணுக்கே உரியவை மூன்று இனங்கள்தாம். அம்மூன்றுக்கும் நெருங்கிய உறவினம் கடல் கடந்து மடகாசுகர்த் தீவில் வாழ்கின்றது என்பது வியப்பைத் தரும் செய்தி. ஜிலேபிக் கெண்டையோ, பெயரில் எத்துணை இனிமை இருப்பினும், இம்மண்ணுக்கு உரியதன்று. அதன் பிறப்பிடம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. அதன் வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

தென்காசி, திரிகூடமலையின் அடிவாரத்தில் சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். பதினைந்தாம் நூற்றாண்டிற் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த விசுவநாதர் கோயிலாற் பெயர்பெற்றது. 2019-ஆம் ஆண்டு முதல் தன் பெயரால் அமைந்த மாவட்டத்திற்குத் தலைநகராகவும் விளங்குவது. ஆனி பிறந்தால் மலைமேல் முகில் கவியும். தெருவெங்கும் சாரல் தூவும். இவ்வூரில் நில அளவைத் துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கிலி பிடித்து வயல்களை அளந்தவர். வரப்பை ஒரு சாண் நகர்த்தினார் என்பதற்காக உடன்பிறந்தார் இருவர் ஓராண்டு முழுவதும் முகங்கொடுத்துப் பேசாதிருந்ததைக் கண்ணாரக் கண்டவர். ஓய்வுக்குப் பின் இனி எல்லை வழக்கு இல்லை என்று அவர் மகிழ்ந்திருந்த காலத்தில், அவ்வழக்கு அவர் வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவருடைய பெயர்த்தியின் விருப்பத்திற்காக வாங்கப்பட்டது ஒரு கண்ணாடித் தொட்டி. நீளம் 4 அடி. அகலம் 1½ அடி. உயரம் 1½ அடி. விளிம்புவரை நிரப்பினால் 9 கன அடி நீர், அஃதாவது ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும் என்று பெரியவர் முதல்நாளே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். அதில் விடப்பட்டவை எட்டு மீன்கள். அவற்றுள் இரண்டு கான்விக்ட் எனப்படும் நடு அமெரிக்கச் சிக்லிடுகள். சாம்பல் நிற உடலிற் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடுதலால், சிறைப்பட்டோர் அணியும் வரிச்சட்டையை நினைந்து மேனாட்டார் அப்பெயர் இட்டனர். ஒன்று ஆண், மற்றது, வயிற்றிற் செம்மஞ்சள் ஒளிரும் சிறிய பெண். ஏனைய ஆறும் வேறு வகைச் சிறு சிக்லிடுகள்.

முதல் வாரம் அமைதியாகச் சென்றது. இரண்டாம் வாரத்தில் வரிமீன் இரண்டும் தொட்டியின் ஒரு மூலையிற் கிடந்த கல்லின் அடியில் மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே உமிழ்ந்து குழி பறிக்கத் தொடங்கின. அன்றிலிருந்து ஏனைய ஆறுக்கும் வாழ்வு இல்லை. நான்கடித் தொட்டியின் மூன்றடியை அவ்விரண்டும் தமதாக்கிக்கொண்டன. ஆறு மீன்களும் எதிர் மூலையில் நீர்ப்பரப்பை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தன. ஒருநாட் காலையில் அவற்றுள் ஒன்று, செட்டையெல்லாம் கிழிந்து இறந்து மிதந்தது.

“தாத்தா, இந்த ஆண் மீன் பொல்லாதது. இதைப் பிடித்து வாளியில் தனியே போட்டுவிடலாமா?” என்றாள் பெயர்த்தி.

“பொறு அம்மா. வழக்குக்கு வந்தவனைத் தண்டித்துவிட்டு, பிறகு இடத்தைப் பார்வையிடுவது முறையன்று. முதலில் அளப்போம்” என்றார் பெரியவர்.

அவர் சொன்னவாறே அளந்தார். ஒரு தாளிற் புலப்படம் வரைவதுபோலத் தொட்டியின் தரையை வரைந்துகொண்டார். மாலைதோறும் ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து, துரத்தல் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளியும் அது நிற்கும் இடத்தில் ஒரு பெருக்கற் குறியும் இட்டார். நான்கு நாளில், கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று தாளில் தெளிவாகத் தெரிந்தது. அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கும் மீனை ஆண் மீன் ஏறெடுத்தும் பாராது. எல்லையை ஒரு விரற்கடை தாண்டினாற் பாய்ந்து வரும். தன் குழிக்கு அருகில் அதன் சினம் மிகும். குழியை விட்டு விலக விலகச் சினம் தணியும். விலங்கியலார் இவ்வுண்மையை நெடுநாட்கு முன்னரே கண்டிருக்கின்றனர். எனினும் தம் வீட்டுக் கூடத்தில், தம் கையால் வரைந்த படத்தில் அதனைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

சிக்லிடுகளின் போர்முறை அறிந்து இன்புறத்தக்கது. வலிமையில் ஒத்த இரண்டு எதிர்ப்பட்டால், எடுத்த எடுப்பில் அவை கடிப்பதில்லை. செட்டைகளை விரித்துத் தம் உடலைப் பெரிதாகக் காட்டிப் பக்கவாட்டில் நிற்கும். பின்னர் வாலை வலிந்து அசைத்து நீரை எதிரியின்மேற் செலுத்தும். மீனின் இருபுறமும் நீரழுத்தத்தை உணரும் உறுப்பு கோடுபோல் ஓடுகின்றது. அதனால் எதிரியின் வாலுக்கு எவ்வளவு வலிமை என்பதை அடிபடாமலே அறிந்துகொள்ளும். அதன் பின்பு செவுள்மூடியை அகல விரித்து நேருக்கு நேர் நிற்கும். அப்போதும் ஒன்று பின்வாங்காவிடின், வாயோடு வாய் கவ்வி இழுத்தும் தள்ளியும் வலிமை பார்க்கும். தளர்ந்த மீன் செட்டைகளை மடக்கி, நிறம் வெளுத்து, விலகி ஓடும். போர் என்று பெயர் பெற்றாலும் இஃது ஒருவகை அளவையே. ஒருவர் வலிமையை ஒருவர் அளந்து கொள்வது. குருதி சிந்துவது அருமை.

புறப்பொருள் வெண்பாமாலை பயின்றார்க்கு இங்கே ஒன்று நினைவிற்கு வரும். பகைவர் மதிலை முற்றுதலை உழிஞை என்றும், தம் மதிலைக் காத்தலை நொச்சி என்றும் அந்நூல் பிரித்துக் கூறும். மண்ணாசையால் மேற்செல்வதற்கு வேறு திணை. இருக்கும் இடத்தைக் காப்பதற்கு வேறு திணை. சிக்லிடின் போர் நொச்சியின்பாற் பட்டது. அது பிறர் இடத்தை விரும்பிப் படையெடுப்பதில்லை. முட்டைக்கும் குஞ்சுக்கும் என்று தான் தேர்ந்த இடத்தைக் காத்து நிற்கிறது. மீனுக்குப் புறத்திணை வகுக்கலாமா என்று இலக்கணப் புலவர் சினவாதிருப்பாராக!

குருதி சிந்துவது அருமை என்றால், தொட்டியில் ஒரு மீன் இறந்தது எவ்வாறு? பெயர்த்தியும் இதனையே கேட்டாள். பெரியவர் விடை கூறவில்லை. பங்குனி மாதத்தில் ஒருநாட் காலை அவளை ஊர்ப்புறத்துக் குளக்கரைக்கு அழைத்துச் சென்றார். பிசான நெல் அறுவடை முடிந்த காலம். மடை திறந்து திறந்து குளத்து நீர் வற்றி, கரையோரத்தில் முழங்கால் ஆழமே நின்றது. காலைக் கதிர் சாய்ந்து விழும் வேளையில் அடிமண் தெளிவாகத் தெரிந்தது. அங்கே, உண்கலத்தைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தாற்போல வட்ட வட்டமான குழிகள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒவ்வொரு குழியின் நடுவிலும் உடல் கறுத்து, தாடையடி வெளுத்து, செட்டை விளிம்பு சிவந்த ஆண் ஜிலேபிக் கெண்டை ஒன்று நின்றது. அயற்குழியான் சற்றே நெருங்கினால் இது பாயும்; அது திரும்பும். திரும்பியது தன் குழியை அடைந்தவுடன் வீறு கொண்டு எதிர்த்துப் பாயும். இப்போது இது திரும்பும். ஊஞ்சல் ஆடுவதுபோல இவ்வாறு இரண்டு மூன்று முறை ஆடி, இரண்டின் வலிமையும் ஒத்து நிற்கும் இடத்தில் அமைதி பிறக்கும். அவ்விடமே எல்லை.

“தோற்ற மீன் எவ்வளவு தொலைவு ஓடுகிறது என்று பார்” என்றார் பெரியவர். அவள் பார்த்தாள். நாலைந்து அடி. அவ்வளவே. அதற்குமேல் வென்ற மீன் தொடரவில்லை. தொடர்ந்தால் தன் குழியைப் பிறர் கவர்வர்.

“நம் தொட்டி நாலடி நீளம்” என்றாள் அவள்.

இதுவே அவ்வழக்கின் முடிச்சு. குளத்தில் நாலடி ஓடிய மீன் தப்பியது. தொட்டியில் நாலடி ஓடிய மீன் கண்ணாடியில் மோதி மீண்டும் பகைவன் கண்முன்னே நிற்கிறது. வென்ற மீனோ, ‘இவன் தோல்வியை ஒப்பியும் போகவில்லையே’ என்று கருதினாற்போல மீண்டும் மீண்டும் தாக்குகிறது. தோற்றவனை ஓட்டுவதற்கென இயற்கை வகுத்த முறை, ஓட இடமில்லாத போது கொலையாய் முடிகிறது. மீனிடத்துப் பொல்லாங்கு இல்லை. நான்கு கண்ணாடிச் சுவர்களை எழுப்பியவரே, குளம் செய்யும் வேலையைத் தாம் செய்தாக வேண்டும்.

அவ்வேலை கற்களை அடுக்குவதில் தொடங்கிற்று. சிக்லிடு கண்ணாற் காணாத பகைவனைத் துரத்துவதில்லை. ஆகையால் தொட்டியின் ஒரு மூலையில் நின்று மறு மூலையைக் காணமுடியாதபடி தட்டைக் கற்களை இடையிடையே நிறுத்த வேண்டும். வெறுமையான தொட்டியில் ஒரே ஒரு மன்னனுக்கே இடம் உண்டு. கல்லும் மறைவும் செறிந்த அதே தொட்டியில் நாலைந்து குறுநில மன்னர் வாழலாம். கற்களை மணல்மேல் வைத்தல் கூடாது. தொட்டியின் அடித்தளத்தில் முதலில் நிறுத்தி, அதன்பின் மணலைப் பரப்புதல் வேண்டும். சிக்லிடுகள் கல்லின் அடிமணலைத் தோண்டிவிடுமாதலின், மணல்மேல் நின்ற கல் சரிந்து மீனையும் நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். பெரியவர் ஒவ்வொரு கல்லையும் விரலால் அசைத்துப் பார்த்த பின்னரே நீரை ஊற்றினார்.

கற்களை இடம் மாற்றி அடுக்கியதால் வேறொரு பயனும் விளைந்தது. பழைய அடையாளங்கள் அழிந்தன. அவற்றோடு பழைய எல்லைகளும் அழிந்தன. ஆண் மீனும் ஏனையவற்றைப்போலப் புதுக்குடியாய் நின்று, ஒரு நாள் முழுவதும் கல் கல்லாக முகர்ந்து திரிந்தது. தொட்டியிற் புதிய மீனை விடுவோர் இம்முறையைக் கையாளுதல் நலம். கற்களை மாற்றியமைத்து, பழைய மீன்களுக்கு வயிறார இரையிட்டு, விளக்கை அணைத்து, இருளிற் புதிய மீனை விட்டால், விடியும்போது எல்லோரும் புதியவராகவே இருப்பர். எல்லைக்கல்லைப் பிடுங்கினால் ஊரிற் கலகம் வரும்; தொட்டியிலோ கலகம் நிற்கிறது என்று பெரியவர் நகைத்தார்.

ஐந்து மீன்களுக்கும் அதனால் உயிர் தப்பிற்று. ஆயினும் இணைமீன்கள் முட்டையிடும் பருவம் நெருங்கிற்று. அப்பருவத்துச் சினத்திற்கு நாலடித் தொட்டியில் எத்தனைக் கற்களை அடுக்கினும் போதாது. ஆகவே ஐந்தையும் வேறொரு தொட்டிக்கு மாற்றினார். இனிக் கணவனும் மனைவியுமாய் அவை அமைதியாக வாழும் என்று வீட்டார் எல்லோரும் எண்ணினர். நடந்தது வேறு. ஓட்டுவதற்குப் பகைவர் இல்லாத ஆண் மீன் மூன்றாம் நாள் தன் துணையின்மேலேயே பாய்ந்தது. பெண் மீனின் வால் கிழிந்தது. அது நீர்ப்பரப்பின் அருகே மூலையில் ஒடுங்கிற்று. முன்னே இறந்த மீனும் அதே மூலையில்தான் ஒடுங்கியிருந்தது.

இதற்கு விடையளித்தவர் ஆத்திரிய நாட்டு அறிஞர் கான்ராடு லோரன்சு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-ஆம் ஆண்டு நோபெல் பரிசினை வேறிருவரோடு பகிர்ந்துகொண்டவர். 1963-இல் வெளிவந்த தம் நூலில், தம் ஆய்வுக்கூடத்துச் சிக்லிடுகளைப்பற்றி இதே செய்தியை அவர் கூறியுள்ளார். இணை ஒன்றைத் தனியே வைத்தால், அயலான்மேற் செல்ல வேண்டிய சினம் துணையின்மேற் பாய்கிறது. அதற்கு அவர் கண்ட வழி எளியது. பெரிய தொட்டி ஒன்றைக் கண்ணாடித் தடுப்பால் இரண்டாக்கி, இருபுறமும் ஓர் இணையை வைத்தார். கண்ணாடியினூடே ஆணோடு ஆண் சீறி நின்றன. தத்தம் துணையிடம் பணிவாய் நடந்தன. ஆயினும் சிலநாளில் ஆண் துணையை வருத்தத் தொடங்கும். காரணத்தை ஆராய்ந்தால், தடுப்புக் கண்ணாடியிற் பாசி படர்ந்து, அயலான் கண்ணுக்குத் தெரியாது போயிருப்பான்! பாசியைத் துடைத்தவுடன் அயலாரோடு பூசல் தொடங்கும். வீட்டுக்குள் அமைதி திரும்பும்.

பெயர்த்தி நூலகத்தில் இதனைப் படித்து வந்து சொன்னாள். பெரியவர் மறுநாளே கண்ணாடி வெட்டுபவரிடம் தொட்டியின் குறுக்களவிற்கு ஒரு தடுப்பு வாங்கினார். கடையிலிருந்து மற்றோர் இணையையும் கொணர்ந்தார். வாணிகர் அவருக்குப் பழக்கமானவர். “அண்ணாச்சி, சண்டைக்காரனாய்ப் பார்த்துக் கொடுங்கள்” என்று பெரியவர் கேட்கவும், “சார்வாள், எல்லாரும் சாதுவான மீனைக் கேட்பார்கள், நீங்கள் ஒருவர்தாம் இப்படிக் கேட்கிறீர்கள்” என்றார் அவர்.

தடுப்பு வைத்த அன்றே விளைவு தெரிந்தது. ஆண்கள் இரண்டும் கண்ணாடியின் இருபுறமும் நின்று செவுளை விரித்தன. பெண் மீன் மூலையை விட்டு மெல்லக் கீழே இறங்கி வந்தது. அதன்பொருட்டுப் பெரியவர் வேறொரு காவலும் செய்திருந்தார். குயவரிடம் சிறு மண்கலயம் ஒன்று வாங்கி, பெண் நுழையவும் பெரிய ஆண் நுழையாதிருக்கவும் ஏற்ற அளவில் அதன் வாயைச் சுருக்கிக் கவிழ்த்து வைத்தார். அளவு எடுப்பதில் அவர்க்குப் பிழை நேருமா? பெண் மீன் அக்கலயத்தைத் தன் உள்ளறையாகக் கொண்டது. பாசி சுரண்டும் வேலை ஞாயிறுதோறும் பெயர்த்திக்கு உரியதாயிற்று. அரையாண்டுத் தேர்வின்போது இரண்டு ஞாயிறு அதனை அவள் மறந்தாள். பெண் மீனின் செட்டையில் மீண்டும் ஒரு கிழிசல் தோன்றிற்று. தகட்டை எடுத்து அவள் துடைத்த மாலையிலேயே ஆண் மீன் பழையபடி கண்ணாடியை நோக்கித் திரும்பிற்று.

ஆப்பிரிக்க மலாவி ஏரியின் பாறை மீன்களை வளர்ப்போர் கையாளும் முறை இதனின் முற்றிலும் வேறானது. அதனை விளங்கிக்கொள்ளக் குற்றாலத்திற்குச் செல்லவேண்டும். சாரல் தொடங்குமுன் பேரருவியில் நீர் குறைவாய் விழும் நாளிற் பத்துப்பேர் குளித்தால், நல்ல நீர் விழும் இடத்தைப் பிடித்தவர் விடுவதில்லை. அடுத்தவர் முழங்கை பட்டாலும் முகம் சுளிப்பார். ஆடி மாதத்துக் கூட்டத்தில் அவரே வந்தால், இடத்தைக் காப்பது எங்ஙனம்? ஒருவரைத் தள்ளினால் ஒன்பதின்மர் புகுவர். தள்ளுவதை விட்டுவிட்டு, கிடைத்த நீரிற் குளித்துத் திரும்புவார். மலாவி மீன்களைச் சிலவாக வைத்தால் வலியது ஒன்று மெலியது ஒன்றையே நாள்தோறும் வருத்திக் கொல்லும். பலவாக வைத்தால் அதன் சினம் பலரிடத்தும் பங்காகி, எவரையும் கொல்லாது ஒழியும். ஓர் ஆணுக்குப் பல பெண் என்ற கணக்கும், ஒரே நிறத்து ஆண்களை ஒன்றாக விடாமையும் அங்கே இன்றியமையாதவை. தன் நிறத்தானையே அம்மீன் முதற்பகைவனாகக் கருதும். இம்முறைக்குச் செலவு மிகுதி. நெருக்கமாய் வாழும் மீன்களின் கழிவால் அமோனியா என்னும் நஞ்சு நீரிற் பெருகும். வலிய வடிகட்டி ஓயாது இயங்கவேண்டும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றவேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றால் மீன் அனைத்திற்கும் ஆபத்து. கூட்டம் சேர்ப்பது எளிது. கூட்டத்திற்கு வேண்டியதைச் செய்வது அரிது. முட்டை காக்கும் வரிமீன் இணைக்கோ இம்முறை சிறிதும் ஒவ்வாது.

சிக்லிடின் அறிவைக் குறைவாக எண்ணுவார்க்கு ஒரு செய்தி. 2007-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஆப்பிரிக்கச் சிக்லிடு ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு ஆண்கள் இருவர் இருவராய்ப் பொருவதைக் காணச் செய்தனர். முதலாவது இரண்டாவதை வென்றது, இரண்டாவது மூன்றாவதை வென்றது, இவ்வாறே தொடர்ந்தது. பின்னர், என்றும் எதிர்ப்படாத இருவரை அதன் இருபுறமும் வைத்தபோது, அவருள் மெலியவன் எவன் என்பதை அது தானே உய்த்துணர்ந்து, அவன் பக்கமே சென்றது. தொட்டியில் ஒரு மீன் தோற்பதை ஏனைய மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அடிபட்ட மீனை உடனே பிரித்துவிடுதல் நன்று என்று பட்டறிவுடையோர் கூறுவதன் காரணம் இதனால் ஒருவாறு விளங்கும்.

கலயத்தினுள் முட்டைகள் இடப்பட்டன. ஏறத்தாழ மூன்று நாளிற் பொரித்தன. பின்னும் சில நாள் கழித்துக் குஞ்சுகள் ஒரு சிறு முகிற்கூட்டம்போல நீந்தி வெளிவந்தன. முன்னொருகால் துணையைக் கொல்லப் புகுந்த அந்த ஆண், குஞ்சுக் கூட்டத்தின் ஒருபுறம் தான் நின்று, மறுபுறம் துணையை நிறுத்திக் காவல் புரிந்தது. விலகிச் சென்ற குஞ்சை வாயால் மெல்ல எடுத்துக் கூட்டத்தினுள் உமிழ்ந்தது. வீட்டார் வேலையை மறந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மூன்று மாதம் சென்றது. ஒரு விரற்கடை வளர்ந்த குஞ்சுகள் எண்பதுக்கு மேல். தமக்குள்ளே அவை எல்லை வகுக்கத் தொடங்கிவிட்டன. அவ்வமயம் பக்கத்து வீட்டார் ஒருவர், “ஐயா, இவ்வளவு தொல்லை எதற்கு? குற்றாலம் போகும்போது ஆற்றில் விட்டுவிடுங்கள். உயிரைக் காத்த புண்ணியமும் உண்டு” என்றார். நல்லெண்ணத்தாற் கூறிய சொல்தான். பெரியவர் அதற்கு இசையவில்லை.

“இம்மீன் சிற்றாற்றிற் பிறந்ததன்று, இதற்கு அங்கே பட்டா இல்லை” என்றார் அவர். சொல் விளையாட்டாய்த் தோன்றினும் பொருள் பெரிது. குளத்து ஜிலேபிக் கெண்டையின் வரலாறு அதற்குச் சான்று. உணவுக்கு உதவும் என்று 1952-ஆம் ஆண்டு அது இந்தியாவிற்குக் கொணரப்பட்டது, மண்டபத்திலும் வளர்க்கப்பட்டது. முட்டைகளைத் தாய் தன் வாயிலேயே வைத்துக் காப்பதால் அழிவு குறைவு, இளமையிலேயே இனம்பெருக்கும், உப்பு நீரையும் தாங்கும். ஆகவே ஒரு குளத்தில் விட்டது ஊரெல்லாம் பரவிற்று. மீன்பாசி ஏலம் எடுப்போர் எவரைக் கேட்டாலும், கெண்டையும் குரவையும் கிடந்த குளங்களில் இன்று வலை நிறைய ஜிலேபியே ஏறுகிறது என்பர். உலகில் மிகுந்த கேடு விளைத்த அயல் உயிரினங்கள் நூற்றின் பட்டியலில் இம்மீனும் ஒன்று. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் கேரளத்துச் சாலக்குடி ஆற்றில், தென்னமெரிக்க அரபைமா என்னும் மாபெரும் மீன் வலையிற் சிக்கியதும் நாடறிந்த செய்தி. வளர்ப்பிடத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய மீன் அது.

சிற்றாறு குற்றாலமலையிற் பிறந்து, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியிற் கலப்பது. தாமிரபரணி ஆற்றுத் தொகுதிக்கே உரிய கெண்டை ஒன்று உண்டு. முதுகுச் செட்டையிலிருந்து நூலிழைகள் நீண்டு விளங்கும் அழகிய மீன் அது. 1954-ஆம் ஆண்டு மீனியல் அறிஞர் இ. ஜி. சைலஸ் அதனை விளக்கி, ஆற்றின் பெயரையே அதற்கும் இட்டார். அத்தகைய மீன்கள் குழி பறித்து எல்லை காப்பன அல்ல. கூட்டமாய் ஓடி மேய்வன. காப்புக்கலை கற்ற அயல்மீன் அவற்றின் நடுவே குடியேறினால், ஓரிடத்தை விட்டு அவை ஓரிடத்திற்கு ஒதுங்க வேண்டியதே. தொட்டியின் மூலையில் ஒதுங்கிய ஆறு மீன்களின் நிலையைப் பெரியவர் மறக்கவில்லை. அங்கே ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கலாம். ஆற்றில் எதனை வைப்பது?

ஆகவே அவர் வாணிகரிடமே சென்றார். “பதினைந்து, இருபது என்றால் எடுத்துக்கொள்வேன், சார்வாள். எண்பது தாங்காது. இந்த மீன் எல்லார் வீட்டிலும் குட்டிபோட்டுக் கிடக்கிறது” என்று அவர் கையை விரித்தார். இருபதை அவர் பெற்றுக்கொண்டார். பெயர்த்தியின் பள்ளித் தோழியர் நால்வர், தொட்டியின் அளவைப் பெரியவர் கேட்டறிந்த பின்னர், ஆளுக்குச் சில பெற்றனர். சாடியில் வைப்பேன் என்ற ஒருத்திக்கு அவர் கொடுக்கவில்லை. எஞ்சியவற்றிற்கு வேறு தொட்டி ஒன்று வாங்க நேர்ந்தது.

அடுத்த முறை பெண் மீன் முட்டை இட்டபோது, அன்றே கலயத்தை வெளியே எடுத்து, உட்சுவரில் ஒட்டியிருந்த முட்டைகளைப் பெரியவர் வழித்துக் கழுவினார். ஆண் மீன் வெறுங்குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெயர்த்தி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தடுப்புக் கண்ணாடியிற் பச்சை படர்ந்திருந்தது. அவள் ஒன்றும் கூறாமல் தகட்டை எடுத்து வந்து பாசியைச் சுரண்டத் தொடங்கினாள்.